தொலைவிலிருந்து இலையை அளத்தல்: பயிர்ப் பண்பளவீட்டில் தொலையுணர்வின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பயிரின் இலைப் பரப்பு, பச்சைய அளவு, இலைவிதான வெப்பநிலை முதலிய பண்புகளைச் செடியைத் தொடாமலே அளக்கும் முறை எவ்வாறு உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. டெக்சாசின் பருத்தி வயல்களை வானிலிருந்து படமெடுத்த 1929ஆம் ஆண்டு ஆய்வு, கேரளத் தென்னந்தோப்புகளின்மீது 1970இல் நிகழ்ந்த ஆய்வு, செயற்கைக்கோள் வழி உருவான தாவரக் குறியீடு, கோதுமைத் தேர்வில் இலை வெப்பநிலையின் பயன்பாடு, இந்தியாவின் பண்பளவீட்டு நிலையங்கள், தமிழ்நாட்டு நெல் வயல்களின் ரேடார் அளவீடு ஆகியவை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தொலைவிலிருந்து பெற்ற எண், நிலத்தில் கையால் எடுத்த அளவோடு பொருத்தப்பட்ட பின்னரே பயிர்ப் பண்பு என்னும் தகுதியைப் பெற்றது என்பது இவற்றின்வழி நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொலையுணர்வு, பயிர்ப் பண்புகள், அகச்சிவப்பு, தாவரக் குறியீடு, இலைவிதான வெப்பநிலை, களச் சரிபார்ப்பு, பயிர் அறுவடைப் பரிசோதனை.

முன்னுரை

ஒரு கலப்பிலிருந்து பிரிந்த வரிசைகள் ஆயிரக்கணக்கில் வயலில் நிற்கும்போது அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே பயிர்ப் பெருக்க அறிஞரின் அடிப்படை வினாவாகும். விளைச்சலை மட்டும் நிறுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதானால் அறுவடைவரை காத்திருக்க வேண்டும். அவ்விளைச்சலில் அவ்வாண்டின் மழையும் மண்ணும் தந்த பங்கு எவ்வளவு, செடியின் இயல்பு தந்த பங்கு எவ்வளவு என்பதும் எளிதில் பிரித்தறிய இயலாதது. இக்காரணத்தால் விளைச்சலுக்கு அடிப்படையான பண்புகளைத் தனித்தனியே அளக்கும் நோக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டி. ஜே. வாட்சன் 1947இல் இலைப் பரப்புக் குறியீடு என்னும் அளவை வரையறுத்தார். ஓர் அலகு நிலப்பரப்பின்மேல் எத்தனை அலகு இலைப்பரப்பு விரிந்துள்ளது என்பதே அதன் பொருள். 1968இல் சி. எம். டொனால்ட், விளைச்சல் தரும் பண்புகளை முன்கூட்டியே வரையறுத்து, அவ்விலக்குருவை நோக்கிப் பயிரை உருவாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார்.

இவ்விரு கருத்துகளும் பயிராய்வுக்குப் புதிய திசையைக் காட்டின. நடைமுறையிலோ ஒரு பெரும் இடர் எஞ்சியது. இலைப் பரப்பை அளக்கச் செடியை வெட்ட வேண்டும். வெட்டிய செடியை மறுநாள் அளக்க இயலாது. ஒரு வயலில் பத்து வரிசைகளை இவ்வாறு அளப்பது ஒரு குழுவின் ஒரு நாள் உழைப்பு என்றால், ஆயிரம் வரிசைகளை அளந்து முடிப்பதற்குள் முதலில் அளந்த வரிசை வேறொரு வளர்ச்சிப் பருவத்தை எட்டிவிடும். தொடாமல் அளக்கும் முறை பயிராய்வுக்குத் தேவைப்பட்டதன் காரணம் இதுவே. அம்முறைக்கான அறிவியல் அடிப்படை, வேளாண்மைக்குத் தொடர்பில்லாத ஓரிடத்தில் முன்பே தோன்றியிருந்தது.

அகச்சிவப்பில் வெளுத்த இலை

அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை 1910இல் வெளியிட்டார். அவற்றில் வானம் கருமையாகவும் மரங்களின் இலைகள் பனி படர்ந்தாற்போல் வெண்மையாகவும் தோன்றின. இலையின் பச்சையம் சிவப்பு, நீல ஒளியை ஒளிச்சேர்க்கைக்காக உட்கொள்கிறது. அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பச்சையம் உட்கொள்வதில்லை. இலையின் உள்ளே உயிரணுக்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் இடையில் அவ்வொளி சிதறி, ஏறத்தாழ அதன் பாதி வெளியே திரும்புகிறது. நலமுள்ள இலை சிவப்பில் இருண்டும் அண்மை அகச்சிவப்பில் ஒளிர்ந்தும் காணப்படுவது இதனால்தான். இலை நோயுறும்போதும் முதிரும்போதும் இவ்விரு ஒளிகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. பின்னாளில் தோன்றிய தாவரக் குறியீடுகளுள் பெரும்பாலானவை இந்த ஒரே உண்மையின்மேல் நிற்கின்றன.

வானிலிருந்து பயிரின் நலத்தை அறியும் முயற்சி இதற்குத் தனியே தொடங்கியது. டெக்சாசில் பருத்தி வேரழுகல் நோய் பரவிய வயல்களை வானூர்தியிலிருந்து சாதாரணப் படச்சுருளில் எடுத்து ஆராய்ந்த டாபன்ஹாஸ், எசேக்கியல், நெப்லெட் ஆகியோரின் ஆய்வு 1929இல் வெளியாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, பச்சை வண்ணம் பூசி மறைத்த படைக்கருவிகளையும் உண்மையான இலைகளையும் பிரித்தறிய அகச்சிவப்பு வண்ணப் படச்சுருள் பயன்பட்டது. வண்ணப்பூச்சு கண்ணை ஏமாற்றலாம். இலையின் உள்ளமைப்பு சிதறடிக்கும் அகச்சிவப்பு ஒளியை அது தர இயலாது. போருக்குப் பின் இப்படச்சுருள் வயலுக்கு வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கோல்வெல் தானியப் பயிர்களின் நோய்ப் பரவலை வான்படங்களால் கணிக்கும் முறையை 1956இல் விளக்கினார். தொலையுணர்வைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரே அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் ஈவ்லின் புரூயிட்டால் இதற்குச் சற்றுப் பின்னர் வழக்கிற்கு வந்தது. பெயர் பிறக்கும் முன்பே பயிர்நோய் ஆய்வு இத்துறையின் ஒரு பகுதியாகியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தென்னந்தோப்பின்மேல் ஒரு ஹெலிகாப்டர்

இந்தியத் தொலையுணர்வின் தொடக்கமும் ஒரு பயிர்நோயோடு பிணைந்ததே. தென்னையின் வேர் வாடல் நோய், மீனச்சில் வட்டத்து ஈராற்றுப்பேட்டையில் 1882ஆம் ஆண்டளவில் முதன்முதலில் அறியப்பட்டதாகப் பயிர்நோய் நூல்கள் குறிப்பிடுகின்றன. இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. ஓலையின் கீற்றுகள் உள்வளைந்து தொய்கின்றன, ஓலைகள் மஞ்சளாகின்றன, காய்ப்பு ஆண்டுதோறும் குறைகிறது. மரம் நிற்கிறது, வருவாய் மட்டும் தேய்கிறது. படிப்படியாக வெளிப்படும் இவ்வியல்பே நோயுற்ற மரங்களைத் தோப்புதோறும் நடந்து எண்ணுவதைக் கடினமாக்கியது.

வானிலை அறிஞர் பி. ஆர். பிஷாரடியின் வழிகாட்டுதலில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தினரும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் 1970இல் கேரளத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் படமெடுத்தனர். நலமுள்ள மரத்தின் முடி இப்படங்களில் செந்நிறமாகத் தோன்றும். நோயுற்ற மரத்தின் முடியில் அச்செம்மை குன்றும். ஆய்வின் முடிவுகள் 1971இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் முன்வைக்கப்பட்டன. இந்தியாவின் முதல் தொலையுணர்வு ஆய்வாக இது மதிக்கப்படுகிறது. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று பிஷாரடி போற்றப்படுவதற்கும் இதுவே முதற்காரணம்.

இவ்வாய்வில் அடங்கியிருந்த ஒரு வரம்பையும் இங்குச் சுட்ட வேண்டும். செம்மை குன்றிய மரமுடி, மரம் நலிந்துள்ளது என்பதைக் காட்டும். நலிவுக்குக் காரணம் வேர் வாடலா, வறட்சியா, சத்துக் குறைவா என்பதைத் தனித்துச் சொல்லாது. நோயின் காரணியான நுண்ணுயிரி 1980களில் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் இனங்காணப்பட்டபோது, அதற்கு மரத்தின் திசுவே தேவைப்பட்டது. வானிலிருந்து எடுத்த படம் எந்த மரத்தடிக்குச் செல்ல வேண்டும் என்று காட்டியது. அங்குச் சென்று பார்க்கும் வேலை மனிதருக்கே எஞ்சியது.

செயற்கைக்கோளும் குறியீட்டெண்ணும்

பின்னர் லேண்ட்சாட் 1 என்று பெயர்பெற்ற செயற்கைக்கோள் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அதன் ஒவ்வொரு படப்புள்ளியும் ஏறத்தாழ 80 மீட்டர் அகல நிலத்தைக் குறித்தது. டெக்சாஸ் வேளாண் பல்கலைக்கழகத்தின் ரவுஸ் குழுவினர் அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் புல்வெளிகளை ஆராய்ந்து, அண்மை அகச்சிவப்பு எதிரொளிப்பிலிருந்து சிவப்பு எதிரொளிப்பைக் கழித்து, வந்த எண்ணை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் குறியீட்டை 1973இல் பயன்படுத்தினர். என்.டி.வி.ஐ. என்று இன்று வழங்கும் தாவரக் குறியீடு இதுவே. ஆய்வாளர்கள் புல்லை வெட்டி, உலர்த்தி, நிறுத்துப் பெற்ற எடைகளோடு குறியீட்டை ஒப்பிட்டனர். எனவே இவ்வெண்ணுக்குப் பொருள் தந்ததும் கத்தரிக்கோலும் தராசுமே.

குறியீட்டுக்குப் பயிர் உடலியல் சார்ந்த விளக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. பிரித்தானியப் பயிர்களை ஆராய்ந்த ஜே. எல். மான்டீத், பயிர் சேர்க்கும் உலர் எடை அதன் இலைகள் இடைமறிக்கும் சூரிய ஆற்றலுக்கு நேர்விகிதமாக உள்ளது என்றும், ஒரு மெகாஜூலுக்கு ஏறத்தாழ 1.4 கிராம் உலர் எடை சேர்கிறது என்றும் 1977இல் காட்டினார். இலைகள் இடைமறிக்கும் ஒளியின் பங்கைத் தாவரக் குறியீடு உணர்த்துவதால், வானிலிருந்து பெற்ற எண்ணுக்கும் வயலின் விளைச்சலுக்கும் இடையே ஒரு பாலம் அமைந்தது.

இக்காலத்தில் தொலையுணர்வை வளர்த்த பெரும் உந்துதல் அரசுகளின் தேவையாகும். 1972இல் சோவியத் ஒன்றியம் பெருமளவு தானியம் வாங்கியதை முன்னரே அறிய இயலாத அமெரிக்கா, 1974இல் உலகக் கோதுமை விளைச்சலைச் செயற்கைக்கோளால் கணிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. வசந்தகாலக் கோதுமையையும் வாற்கோதுமையையும் படத்தில் பிரித்தறிவது அத்திட்டத்திற்குக் கடினமாயிருந்தது. இந்தியாவிலும் இத்தகைய தேவையே முன்னின்றது. 1974-75இல் ஆந்திரத்தின் அனந்தபூரிலும் பஞ்சாபின் பாட்டியாலாவிலும் வான்படவழிப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டபின் பயிர்ப் பரப்பையும் உற்பத்தியையும் கணிக்கும் பணி விரிவடைந்தது. 2012இல் புதுதில்லியில் தொடங்கிய தேசியப் பயிர் முன்கணிப்பு மையத்திற்கு மகாலனோபிசின் பெயர் இடப்பட்டது. வங்காளத்தின் சணல் வயல்களில் 1930களில் கூறெடுப்புக் கணக்கெடுப்பை நடத்திய புள்ளியியல் அறிஞர் அவர். விண்ணிலிருந்து பயிரைக் கணிக்கும் மையம், ஆட்களை வயலுக்கு அனுப்பி அளந்தவரின் பெயரைத் தாங்குவது பொருத்தமானதே.

வினா மாறிய கட்டம்

எவ்வளவு நிலத்தில் எப்பயிர் நிற்கிறது என்பது அரசின் வினா. ஒரே வயலில் ஒரே நாளில் விதைத்த நூறு கோதுமை வரிசைகளுள் எது மேலானது என்பது பயிர்ப் பெருக்க அறிஞரின் வினா. முதல் வினாவுக்குப் பயன்பட்ட கருவி இரண்டாம் வினாவுக்கு அப்படியே உதவவில்லை. இலைப் பரப்புக் குறியீடு ஏறத்தாழ 3ஐக் கடந்தபின் என்.டி.வி.ஐ. பெரிதும் உயர்வதில்லை. அடர்ந்து வளர்ந்த நல்ல வரிசைகள் யாவும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். தேர்வு தேவைப்படும் இடத்திலேயே குறியீடு தன் கூர்மையை இழக்கிறது.

இதற்கு ஒரு விடை வெப்பநிலையிலிருந்து கிடைத்தது. இலைத்துளைகள் திறந்து நீராவி வெளியேறும்போது இலை குளிர்கிறது. நீர் கிடைக்காமல் துளைகள் மூடும்போது இலை சூடேறுகிறது. சி. பி. டானர் 1963இல் அகச்சிவப்பு வெப்பமானியால் செடிகளின் வெப்பநிலையைத் தொடாமல் அளந்தார். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலிருந்த நீர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தின் ஜாக்சன், இட்சோ முதலியோர், காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் கொண்டு பயிரின் நீர்த்தட்டுப்பாட்டைக் காட்டும் குறியீட்டை 1981இல் வகுத்தனர். பாசனம் எப்போது தேவை என்று அறிவதே அவர்களின் நோக்கம். இசுரேலின் ஆபிரகாம் புளும் 1982இல் அதே கருவியைக் கோதுமை வரிசைகளை ஒப்பிடப் பயன்படுத்தினார். வறட்சியிலும் குளிர்ந்திருக்கும் வரிசை, நீரைத் தேடிப் பெறும் வேரைக் கொண்டிருக்க வாய்ப்புண்டு. மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தின் மேத்யூ ரெனால்ட்சும் உடனாய்வாளர்களும், வெப்பமான சூழலில் இலைவிதானக் குளிர்ச்சி விளைச்சலோடு தொடர்புடையது என்பதை 1994இல் எடுத்துக்காட்டினர். கண்ணால் காண இயலாத வேரின் செயலை இலையின் வெப்பநிலையிலிருந்து ஊகிக்கும் வழி இவ்வாறு திறந்தது.

இம்முறையின் நுட்பத்தையும் நொய்ம்மையையும் ஒருங்கே உணர வேண்டும். வரிசைகளுக்கிடையிலான வேறுபாடு ஓரிரு பாகை அளவே இருக்கலாம். ஒரு மேகம் கடந்தாலும் காற்று சற்று வலுத்தாலும் இலை வெப்பநிலை அந்த அளவுக்கு மாறிவிடும். காலையில் அளந்த வரிசையை நண்பகலில் அளந்த வரிசையோடு ஒப்பிடுவது பொருளற்றது. கருவியின் துல்லியத்தைவிட வயலில் அதைப் பயன்படுத்தும் ஒழுங்கே இங்கு முதன்மை பெறுகிறது.

நிறமாலையை எதிர்த்திசையில் படித்தல்

சிவப்பு, அகச்சிவப்பு என்னும் இரண்டு பட்டைகளுக்கு மாறாக, நூற்றுக்கணக்கான குறுகிய பட்டைகளில் எதிரொளிப்பைப் பதியும் கருவிகள் 1980களுக்குப் பின் பரவின. சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு எதிரொளிப்பு திடீரென உயரும் விளிம்பு, பச்சைய அளவுக்கேற்ப இடம்பெயர்கிறது. 531 நானோமீட்டர் அலைநீளத்தில் நிகழும் சிறு மாற்றம் ஒளிச்சேர்க்கைத் திறனின் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறது என்பதை கமான், பென்யுவேலாஸ், ஃபீல்ட் ஆகியோர் 1992இல் விளக்கினர். பச்சையம், நீர், உட்புற அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஓர் இலையின் நிறமாலையைக் கணக்கிடும் மாதிரியை ஜாக்மூவும் பாரேயும் 1990இல் உருவாக்கினர்.

பண்பளவீட்டுக்குத் தேவைப்படுவது இதன் எதிர்த்திசையாகும்: நிறமாலையைக் கொண்டு பண்பைக் கண்டறிதல். சிக்கல் இங்குதான் எழுகிறது. பச்சையம் மிகுந்த இலைகள் சில உள்ள விதானமும், பச்சையம் குறைந்த இலைகள் பல உள்ள விதானமும் ஏறக்குறைய ஒரே நிறமாலையைத் தரக்கூடும். கணிதம் ஒரு விடைக்கு மாறாகப் பல விடைகளைத் தரும்போது, எது உண்மை என்பதை இலையைப் பறித்து ஆய்வகத்தில் பச்சையத்தைப் பிரித்தெடுத்தே முடிவுசெய்ய இயலும். நெல்லின் தழைச்சத்துத் தேவையை அறியத் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் இலை வண்ண அட்டை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு கண்ணால் ஒப்பிடும் அந்த எளிய கருவியும் நிறத்திலிருந்து பண்பை ஊகிக்கும் முறையே. ஓர் இலையை அருகிலிருந்து பார்ப்பதால், முற்கூறிய குழப்பம் அதற்கு நேர்வதில்லை.

மரபணு வரிசையும் பண்பளவீட்டு இடுக்கும்

நெல்லின் முழு மரபணுத்தொகுதியைப் பன்னாட்டுக் குழு 2005இல் வெளியிட்டது. 2014இல் மூவாயிரம் நெல் வகைகளின் மரபணு வரிசைத் தரவு பொதுவில் வைக்கப்பட்டது. மரபணு வரிசையைப் படிப்பது எளிதாகியபின், அவ்வரிசையைச் சுமக்கும் செடி வயலில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று அளப்பதே முட்டுக்கட்டையாயிற்று. ஃபர்பாங்க், டெஸ்டர் ஆகியோர் இதனைப் பண்பளவீட்டு இடுக்கு என்று 2011இல் சுட்டினர். அராவுஸ், கெய்ர்ன்ஸ் ஆகியோர் 2014இல் வயல்வெளிப் பண்பளவீட்டைப் பயிர்ப் பெருக்கத்தின் புதிய எல்லை என்று வருணித்தனர்.

இவ்விடுக்கை நீக்கப் பல நாடுகளில் நிலையங்கள் எழுந்தன. அரிசோனாவின் மாரிகோபாவில் 30 டன் எடையுள்ள நகரும் சட்டகம் தண்டவாளத்தில் ஊர்ந்து சோள வயலைப் படமெடுத்தது. ஐதராபாத்தை அடுத்த படான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தில், முப்பரிமாண லேசர் கருவிகள் செடிகளின்மேல் நகர்ந்து இலைப் பரப்பின் வளர்ச்சியைப் பதிகின்றன. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் நானாஜி தேஷ்முக் பெயரிலான தாவரப் பண்பளவீட்டு மையம் 2017 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆளில்லாச் சிறு வானூர்திகள் விலை குறைந்ததால், சில நிமிடங்களில் ஆயிரம் வரிசைகளைப் படமெடுப்பதும் இயல்வதாயிற்று. மேகம் நகர்வதற்குள் வயல் முழுவதையும் அளக்கும் இவ்விரைவு, முன்னர்க் கண்ட வெப்பநிலைச் சிக்கலைப் பெரிதும் தணித்தது.

பயிர்ப் பெருக்கத்தில் ஓர் அளவின் மதிப்பு எதைப் பொறுத்தது என்பதும் இக்கட்டத்தில் தெளிவாயிற்று. எண் முற்றிலும் சரியாக இருப்பதைக் காட்டிலும், வரிசைகளின் தரநிலை ஒவ்வோர் அளவீட்டிலும் மாறாமல் கிடைப்பதும், அவ்வேறுபாடு மரபுவழி வருவதும் தேர்வுக்கு இன்றியமையாதவை. ஓர் ஆண்டில், ஓரிடத்தில் பொருத்திய கணக்கீட்டு முறை வேறொரு மண்ணில் வேறொரு வகைக்குப் பொருந்தாமல் போகலாம். அவ்வாறு தவறிய எண்ணை நம்பி நல்ல வரிசையொன்று கழிக்கப்பட்டால், அவ்விழப்பு எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. கழிக்கப்பட்ட விதை மீண்டும் விதைக்கப்படுவதில்லை.

எண்ணும் இழப்பீடும்

தொலைவிலிருந்து அளந்த பண்பு, ஆய்வு வயலைக் கடந்து உழவரின் வாழ்வைத் தொடும் இடத்திற்குத் தமிழ்நாடு சான்றாகிறது. சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் காவிரிப் படுகையை மூடியிருப்பதால், ஒளியை நம்பும் செயற்கைக்கோள் படங்கள் பெரிதும் பயனற்றுப்போகின்றன. ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவுவன. நடவு வயலில் தேங்கிய நீர் ரேடார் அலையை வேறு திசைக்குத் திருப்புவதால் வயல் படத்தில் இருண்டு தோன்றும். பயிர் தூர்கட்டி உயர உயரப் படம் வெளுக்கும். இம்மாற்றத்திலிருந்து நடவுக் காலத்தையும் இலைப் பரப்பையும் கணித்து, அவற்றை நெல் வளர்ச்சி மாதிரியில் செலுத்தி விளைச்சலை மதிப்பிடும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவை இணைந்து உருவாக்கின. பயிர்க் காப்பீட்டுக்கும் இம்மதிப்பீடு துணைசெய்யத் தொடங்கியது.

காப்பீட்டின் அடிப்படை அளவு நெடுங்காலமாகப் பயிர் அறுவடைப் பரிசோதனையே. குலுக்கல் முறையில் தேர்ந்த நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவுள்ள பாத்தியைக் கயிறு கட்டிக் குறித்து, அறுத்து, அடித்து, நிறுத்து விளைச்சலைக் கணக்கிடுவர். 1920களில் பீகார், ஒரிசாவில் ஹப்பக் மேற்கொண்ட கூறெடுப்பும், 1940களில் பான்சே, சுகாத்மே ஆகியோர் வளர்த்த முறையும் இதன் முன்னோடிகள். இப்பரிசோதனை காலந்தாழ்த்துவது, ஆட்குறைவால் தளர்வது, பூசலுக்கு இடமளிப்பது என்னும் குறைகள் உடையது. ரேடார் மதிப்பீடு இக்குறைகளைத் தணிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆயினும் அம்மதிப்பீடு சரியா என்று சோதிக்கும் உரைகல்லும் அதே அறுவடைப் பாத்திதான். அறுவடைப் பரிசோதனைகளைக் குறைத்துவிட்டு விண்ணிலிருந்து வரும் எண்ணை மட்டும் கொள்வதானால், அவ்வெண்ணைத் திருத்தும் வழியும் அதனோடு மறையும். தன் வயலின் இழப்பை நேரில் கண்ட உழவர், படப்புள்ளியின் எண் வேறாகச் சொல்லும்போது முறையிடுவதற்குச் சான்றும் இல்லாமற்போகும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் கருவிகள் படச்சுருளிலிருந்து செயற்கைக்கோளுக்கும், அதிலிருந்து வெப்பமானி, நிறமாலைமானி, ரேடார் ஆகியவற்றுக்கும் மாறிவந்துள்ளன. வினாவும் நோய் எங்கே என்பதிலிருந்து, எவ்வளவு விளையும் என்பதற்கும், எந்தச் செடி மேலானது என்பதற்கும் நகர்ந்துள்ளது. மாறாமல் நின்றது ஒன்று: கருவி அளப்பது ஒளியை அல்லது அலையை மட்டுமே. அதற்கு இலைப் பரப்பு, பச்சையம், நீர்நிலை, விளைச்சல் என்னும் பெயர்களைத் தருவது வெட்டிய புல்லும், பறித்த இலையும், அறுத்த பாத்தியுமே. எனவே பண்பளவீட்டு நிலையங்களுக்குச் செலவிடப்படும் பொருளில் களச் சரிபார்ப்புக்கு உரிய பங்கை உறுதிசெய்வதும், அப்பணி செய்வோரைப் பயிற்றுவிப்பதும், அவர்கள் திரட்டும் அளவுகளைப் பொதுத் தரவாகப் பேணுவதும் பயிராய்வின் உடனடித் தேவைகளாகின்றன.

1970இல் ஹெலிகாப்டரிலிருந்து படமெடுக்கப்பட்ட அதே வேர் வாடல் நோய், இன்று பொள்ளாச்சிப் பகுதியின் தென்னந்தோப்புகளையும் வாட்டுகிறது. அன்று இல்லாத செயற்கைக்கோள்களும் ஆளில்லா வானூர்திகளும் இன்று உண்டு. நலிந்த மரமுடியை அவை விரைந்து காட்டும். அந்த மரத்தடிக்குச் சென்று, ஓலையை வளைத்துப் பார்த்து, நோய் இன்னதென்று உறுதிசெய்யும் ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் அப்படம் உழவருக்குப் பயன்படும்.